சரும வியாதிக்கு ஓர் அளவுகோல்

காளாஞ்சகப்படை என்று சித்த வைத்தியர்களும் சோரியாசிஸ் என்று ஆங்கில வைத்தியர்களும் குறிப்பிடும் வியாதியில், ஏறக்குறைய நான்கு வாரங்களில் நிதானமாக முதிர்ந்து உதிர வேண்டிய மேல்தோலின் உயிரணுக்கள் சில தினங்களுக்குள்ளாகவே மேலே தள்ளப்பட்டுவிடுவதால், சருமம் ஆங்காங்கே சிவந்து, தடித்து, வெள்ளிநிறச் செதில்களை உதிர்க்கத் தொடங்குகிறது. சரீரத்தின் தற்காப்புச் சக்தியே தன் சருமத்தின்மீது திரும்பிவிடுவதால் விளையும் இந்த நோய், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. ஆனால் வருஷக்கணக்கில் தணிந்தும் மிகுந்தும் உடன் வருவது. இதன் கடுமையைச் சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லாமையால், வைத்தியரின் கண்ணும் விரலுமே கருவிகளாக வேண்டியிருக்கிறது.

இந்தப் பார்வைக்கு ஒரு கணித ஒழுங்கை அளித்தவர்கள், ஸ்வீடன் தேசத்தைச் சேர்ந்த ஃபிரெட்ரிக்சன், பெட்டர்சன் என்னும் இருவர். உட்கொள்ளும் புதிய மருந்தொன்றின் பலனை ஆராய்ந்து 1978-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் தோன்றிய முறையே, இன்று 'பாசி' என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. சரீரத்தைத் தலை, கைகள், நடுவுடல், கால்கள் என நான்காக வகுத்து, முறையே 10, 20, 30, 40 சதவிகிதம் என்று பங்கு கொடுத்து, ஒவ்வொரு பாகத்திலும் சிவப்பு, தடிப்பு, செதில் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பிட்டு, அவற்றின் கூட்டுத்தொகையைப் படை பரவிய விஸ்தீரணத்துக்குரிய 0 முதல் 6 வரையிலான எண்ணால் பெருக்கி, பங்கின்படி சேர்த்தால் கிடைப்பதே நோயாளியின் மதிப்பெண். அதன் உச்சம் 72. விஸ்தீரணத்தை அளக்க நோயாளியின் கையே உதவுகிறது. விரல்கள் உட்பட ஒரு கையின் உட்புறம், உடற்பரப்பில் சுமார் நூற்றில் ஒரு பங்கு.

மருந்தின் பலனைக் கண்டறிய இது அருமையான சாதனம் என்பதில் ஐயமில்லை. எனினும் தனி மனிதரின் துன்பத்தை நிர்ணயிக்க இதை மட்டும் நம்புவது பெரும் பிழை என்பதே என் திடமான அபிப்பிராயம். இரு உள்ளங்கைகளில் மட்டும் படை கண்ட ஒரு நெசவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் வெடித்து, நூலைத் தொட்டாலே ரத்தம் கசியும் நிலையில், சிவப்பும் தடிப்பும் செதிலும் மூன்றுமே உச்சமான 4 என்று வைத்துக்கொண்டாலும், பரவிய இடம் கைகளின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாதலால் விஸ்தீரண எண் 1 மட்டுமே. ஆகவே 12-ஐ 1-ஆல் பெருக்கி, கைகளின் பங்கான 0.2-ஆலும் பெருக்க, வருவது வெறும் 2.4. ஜீவனோபாயத்தையே இழந்து நிற்பவரை இந்தக் கணக்கு இலேசான நோயாளி என்று சொல்லி அனுப்பிவிடும்!

சிவப்பு என்னும் அளவையும் எல்லோருக்கும் ஒரே விதமாகப் பொருந்துவதன்று. வெள்ளையர் சருமத்தில் இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும் அழற்சி, நம்மவரின் கருநிறச் சருமத்தில் ஊதாவாகவோ ஆழ்ந்த பழுப்பாகவோ தோன்றுவதால், பழகாத கண் அதைக் குறைத்தே மதிப்பிடக்கூடும். பக்கத்திலுள்ள ஆரோக்கியமான தோலோடு ஒப்பிட்டு, தடிப்பை விரலால் தடவியும் பார்த்து மதிப்பிடுவதே நியாயமாகும்.

நோயாளியையே கேட்டால் என்ன என்ற எண்ணம், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் என்னும் இருவரால் 1994-ல் உருப்பெற்றது. கடந்த ஒரு வாரத்தில் அரிப்பும் வலியும் எவ்வளவு, வெட்கத்தால் ஒதுங்க நேர்ந்ததா, உடுக்கும் உடையைச் சருமம் தீர்மானித்ததா, தொழிலும் தாம்பத்தியமும் பாதிக்கப்பட்டனவா என்றெல்லாம் வினவும் 10 கேள்விகளுக்கு மொத்தம் 30 மதிப்பெண். பரவிய பரப்பு நூற்றுக்குப் பத்தைத் தாண்டினாலும், பாசி 10-ஐத் தாண்டினாலும், இந்தக் கேள்விகளின் மதிப்பெண் 10-ஐத் தாண்டினாலும், மூன்றில் எந்த ஒன்றாயினும் சரி, நோய் கடுமையானதே என்று ஃபின்லே பின்னர் வகுத்த விதியில், மனோவேதனையும் தோலின் தடிப்புக்குச் சமமான ஸ்தானத்தைப் பெற்றது.

சர்வதேச சோரியாசிஸ் கவுன்சில் 2020-ல் வெளியிட்ட கருத்து இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. மேற்பூச்சு மருந்துகள் பலனளிக்காவிட்டாலோ, படை பத்து சதவிகிதத்துக்கு மேல் பரவியிருந்தாலோ, அல்லது முகம், உச்சந்தலை, உள்ளங்கை, உள்ளங்கால், நகம், மர்மஸ்தானம் போன்ற இடங்களில் தோன்றியிருந்தாலோ, மாத்திரையாகவோ ஊசியாகவோ உடல் முழுவதற்குமான சிகிச்சைக்கு அந்த நோயாளி உரியவர் என்கிறது அது. இந்த விதியின்படி பார்த்தால், 2.4 மதிப்பெண் பெற்ற நெசவாளிக்கு அச்சிகிச்சையை மறுக்க அந்த எண் ஒரு காரணமாகாது.