வாப்பாவுக்கு என்ன கொடுக்கலாம்?

வாப்பாவுக்கு ஓர் அன்பளிப்பு வாங்கவேண்டும் என்றால் நம் வீடுகளில் மூன்று பொருள்களுக்கு மேல் ஞாபகம் வருவதில்லை: சாரம், சேட், அத்தர். நோன்புப் பெருநாளைக்கு ஒரு சாரம், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இன்னொரு சாரம். வெளிநாட்டிலிருந்து யாரும் வந்தால் ஓர் அத்தர் போத்தல். இவற்றில் பல உறை பிரிக்காமலே அலுமாரியில் கிடக்கும். ஏன் உடுக்கவில்லை என்று கேட்டால், "இருக்கிறது நல்லாத்தானே மகள் இருக்கு" என்பார். இன்னும் சிலர் பெருநாள் கழிந்த மறுவாரமே அதைத் தூக்கி யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள்.

சாரத்தை நான் குறை சொல்லவில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரம் உடுத்துப் பழகிய ஒருவருக்கு அதைவிட நல்ல அன்பளிப்பு இல்லை. பளபளப்பைப் பார்த்து நைலோன் கலந்ததை வாங்கிக் கொடுத்தால் வியர்வைக்கு உடம்பில் நிற்காது. ஆனால் பத்துச் சாரம் உள்ளவருக்குப் பதினோராவது சாரம் எதற்கு?

உம்மாவுக்கு ஏதும் தேவையென்றால் எப்படியோ நம் காதில் விழுந்துவிடும். வாப்பாமார் வாய் திறப்பதில்லை. கொடுத்தே பழகிய கைக்கு வாங்குவது கூச்சமாக இருக்கிறது. கிழக்கு மாகாணத்துச் சகோதரிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அங்கே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மூன்று குமர் இருந்தால் மூன்று வீடு. வயலை விற்றோ, கடன்பட்டோ, மத்திய கிழக்கின் வெயிலில் நின்றோ கட்டிய வீட்டின் உறுதி மகளின் பெயரில் எழுதப்படும். கடைசி மகளுக்கு இருந்த வீட்டையும் கொடுத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் தகரம் போட்ட ஓர் அறைக்குப் போய்விடுவதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! இந்த வழக்கம் சரியா என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். (என்னைக் கேட்டால், சரியில்லை.) இன்று நாம் குடியிருக்கும் வீட்டையே தந்தவருக்கு நாம் எதைக் கொடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

கடைக்குப் போகுமுன், ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு வாப்பாவின் அறைக்குள் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஓதும் இடத்தில் வெளிச்சம் போதுமா? இருபது வயதுக் கண்ணைவிட அறுபது வயதுக் கண்ணுக்கு மிக அதிக வெளிச்சம் தேவை. முகட்டில் தொங்கும் ஒற்றை பல்புக்குக் கீழே, குர்ஆனைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் ஓதுகிறவருக்கு, தலைமாட்டில் ஒரு மேசை விளக்கும் பெரிய எழுத்துக் குர்ஆன் பிரதியும் போதும்.

இரவில் எத்தனை முறை எழும்புகிறார் என்று உம்மாவிடம் கேளுங்கள். வயதான ஆண்களுக்கு, அதிலும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, இரவில் பல தடவை சிறுநீர் கழிக்கப் போகவேண்டியிருக்கும். படுக்கையிலிருந்து கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச் இருக்கிறதா? கழிப்பறை வளவின் மூலையில் இருந்தால் வழியில் ஒரு விளக்கு வேண்டும். வழுக்கும் படிக்கட்டு வேண்டாம். முழங்கால் மடக்க முடியாதவருக்குக் குந்தும் கழிப்பறை பெரிய வேதனை. அவர் அதை யாரிடம் சொல்வார்? ஒரு கொமட்டும், பக்கத்துச் சுவரில் மேசனைக் கொண்டு இறுக்கிப் பூட்டிய ஒரு கைப்பிடியும் வைத்துக் கொடுங்கள். துவாய் போடும் கம்பியை அதற்கு நம்பவேண்டாம். ஆள் பாரம் தாங்காது. கொமட்டை யாரும் அன்பளிப்பு என்று சொல்லமாட்டார்கள்தான். ஆனால் வருடம் முழுவதும் உபயோகப்படுவது அதுவே.

கதிரையில் இருந்து தொழுகிறவர் என்றால் அவர் இருக்கும் கதிரையைக் கவனியுங்கள். பாதம் இரண்டும் நிலத்தில் படியவேண்டும், ஊன்றி எழும்பக் கைப்பிடி வேண்டும், டைல்ஸ் தரையில் கால்கள் வழுக்கக்கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் கதிரைகள் இதற்கு ஆகா.

செருப்பு வாங்குவது லேசான காரியம் என்று நினைக்கிறோம். சீனி வருத்தம் நாட்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். செருப்புக் கடித்துப் புண்ணான பிறகும் வாப்பாவுக்குத் தெரியாது. அந்தச் சிறு புண் விரலை எடுக்கும்வரை போவதுண்டு. ஆகவே அளவு தெரியாமல் வாங்காதீர்கள். அவரையே கூட்டிக்கொண்டு பின்னேரத்தில் கடைக்குப் போங்கள். பகல் முழுவதும் நடந்த பாதம் அந்நேரம் சற்று வீங்கியிருக்கும். வரமாட்டேன் என்றால் ஓர் அட்டையில் பாதத்தை வைத்து வரைந்து எடுத்துச் செல்லுங்கள். பள்ளிவாசலில் குனியாமல் கழற்றுவதற்காகப் பலர் வார் இல்லாத செருப்பே போடுவார்கள். குதியைப் பிடிக்கும் ஒட்டுப்பட்டி வைத்தது அவர்களுக்கு நல்லது.

கண்ணாடியும் அப்படித்தான். வீதியோரத்தில் வாங்கிய கண்ணாடியோடு காலம் தள்ளுகிறவரைக் கண் வைத்தியரிடம் கூட்டிப் போவதே ஓர் அன்பளிப்பு. சீனி வருத்தக்காரர்கள் வருடத்துக்கொரு முறை விழித்திரையைச் சோதிக்கவேண்டும். தனியே போகச் சொன்னால் போகமாட்டார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து கூட்டிச் செல்ல மகள் வேண்டும்.

எல்லா வசதியும் உள்ள வாப்பாமாரும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடையில் கிடைக்காததைத் தேடவேண்டும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்களின் கல்யாணப் படமும், பாடசாலைப் படமும், உம்மா வாப்பாவின் படமும் அங்கேயே போயின. வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரின் அல்பத்தில் அதே கல்யாணப் படம் ஒன்று இருக்கக்கூடும். அதைத் தேடிப் பிரதி எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தால், யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இளமையைக் கழித்த ஒருவருக்கு அதன் பெறுமதியை நாம் சொல்லவேண்டுமா? படத்தில் நிற்பவர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்லப் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த முகங்கள் தெரியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சம்பாத்தியமும் மஹரும் உங்களுடையவை. அதிலிருந்து வாப்பாவுக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். கணவரின் பணம் என்றால் அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். தங்கமும் பட்டும் ஆண்களுக்கு ஆகாது என்பது தெரிந்ததே. மோதிரம் ஆசைப்படுகிறவருக்கு வெள்ளி இருக்கிறது. கொமட், கண் கண்ணாடி போன்ற செலவுகளை ராத்தா, தங்கச்சி, நானா, தம்பி எல்லோரும் பங்கு போடலாம். யார் எவ்வளவு போட்டது என்பது வாப்பாவின் காதுக்குப் போகவேண்டாம்.

கேட்டுக்கொண்டு செய்யாதீர்கள். கேட்டால் "எனக்கென்னத்துக்கு மகள் இதெல்லாம், புள்ளைகளுக்கு வாங்குங்க" என்றுதான் பதில் வரும். அவர் அஸருக்குப் பள்ளிக்குப் போன நேரத்தில் மேசை விளக்கைப் பூட்டி வைத்துவிடுங்கள். இருட்டியதும் அவரே போட்டுப் பார்ப்பார்.