தோள் மறைக்கும் ஏழாம் எலும்பு: பழவேற்காட்டு மீனவரும் கழுத்து ஊடுகதிர்ப் படமும்

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் கரையோர மக்களின் தொழில்கள் பலவும் கழுத்தையும் தோளையும் வருத்துவன. ஆடவர் கழி ஊன்றிப் படகு தள்ளுகின்றனர், வலை இழுக்கின்றனர். பெண்கள் மீன்கூடையைத் தலையில் சுமந்து விற்கின்றனர். இருளர் பெண்களோ பறியைப் பல்லில் கவ்வியவாறு நீருக்குள் இறாலைத் தடவிப் பிடிக்கின்றனர். இத்தகையோருக்குக் கழுத்தின் ஊடுகதிர்ப் படம் எடுக்கையில், உழைப்பால் திரண்ட தோளே கீழ்க்கழுத்தை மறைத்துவிடக் கூடும்.

கழுத்து முள்ளெலும்புகள் 7. பக்கவாட்டுப் படத்தில் இவையனைத்தும், முதல் மார்பு முள்ளெலும்பின் மேல்விளிம்பும் தெரிதல் வேண்டும். ஆறாம் எலும்போடு நின்றுவிட்ட படம், ஏனைய பகுதி எவ்வளவு தெளிவாயினும், குறையுடையதே. நோயாளியை நிமிர்ந்து உட்காரவோ நிற்கவோ செய்து, தோள்களைத் தளர்த்தி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு நிறுத்தச் சொல்வர்; அப்போது தோள் மேலும் தாழும். காயமில்லாதவர் இரு கைகளிலும் சமஎடை பிடிப்பதும் உதவும். தோளின் அகலத்தால் கழுத்து பதிவுத் தகட்டிலிருந்து விலகியே நிற்கும். ஆகவே உருப்பெருக்கத்தைக் குறைக்கக் கதிர்க்குழாயை ஏறத்தாழ 180 செ.மீ. தொலைவில் வைப்பர்.

இவ்வளவுக்குப் பின்னும் ஏழாம் எலும்பு புலப்படாவிடில் ‘நீச்சல் நிலை’ கைகொடுக்கும். தகட்டை ஒட்டிய கை தலைக்கு மேல் உயர, மற்றக் கை உடலோடு தாழ, இரு தோள்களும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பிரிகின்றன. நீரோடு வாழ்பவருக்கு இந்நிலையை விளக்க நீச்சலைச் சொன்னாலே போதும்.

விபத்தில் முறை வேறு. ஏரியின் பெரும்பகுதி ஆழமற்றது. ஆழமற்ற நீரில் தலைகீழாகப் பாய்வது கழுத்து முறிவுக்கு உலகெங்கும் அறியப்பட்ட காரணம். அத்தகைய ஐயமிருப்பின் நோயாளியை எழுப்பலாகாது, கழுத்துப் பட்டையையும் கழற்றலாகாது. படுத்தவாறே கிடைநிலைக் கதிரால் முதற்படம் எடுத்து மருத்துவரிடம் காட்டிய பின்னரே அடுத்த நிலை. கையை உயர்த்துவதும் அவர் இசைவுக்குட்பட்டதே. சி.டி. வசதியுள்ள இடங்களில் இன்று அதுவே முதன்மை பெறுகிறது.

முன்நிலைப் படத்துக்கு மோவாயைச் சற்றே உயர்த்திக் கதிரைத் தலைப்பக்கம் 15 முதல் 20 பாகை சாய்ப்பர். முதலிரு எலும்புகளைக் காண வாயைத் திறக்கவைத்து, மேற்பல் விளிம்பையும் மண்டையடியையும் ஒரே கோட்டில் நிறுத்துவர். தலை குனிந்தால் பற்கள் மறைக்கும். மிக அண்ணாந்தால் மண்டையடி மறைக்கும்.

கம்மலும் மூக்குத்தியும் கழற்றப்படுதல் வழக்கம். தாலியைக் கழற்றப் பெண்கள் பலர் தயங்குவர். மஞ்சட்கயிறு படத்தில் பெரிதாகத் தெரியாது. தாலிப்பொன்னும் அதில் கோத்த ஊக்குகளும் தெரியும். ஊக்குகளை எடுத்துவிட்டு, தாலியைப் படப்பரப்புக்கு வெளியே ஒதுக்கிவைத்தாலே பெரும்பாலும் போதுமானது. இதைக் கேட்டறியாமல் எடுத்த படத்தை மீண்டும் எடுக்க நேர்ந்தால், நோயாளிக்கு இன்னொரு முறை கதிர்வீச்சு. பொன்னேரிக்கோ சென்னைக்கோ வந்தவராயின் இன்னொரு நாள் கூலியும் போகலாம்.