தம்பிக்கு ஐம்பது வயது

டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளைக்குத் தலை நரைக்கும் என்று சொல்லியிருந்தால் எங்கள் அம்மிச்சி காலத்து ஆட்கள் நம்பியிருக்க மாட்டார்கள். இப்படிப் பிறக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஓட்டையோ வேறு கோளாறோ இருக்கும். அதோடு நெஞ்சில் சளி கட்டினால் தாங்காது. சிவன்மலைக்கு வேண்டிக்கொள்வார்கள், மந்திரிப்பார்கள், பிறகு ‘சாமி குடுத்துச்சு, சாமியே எடுத்துக்கிச்சு’ என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். இங்கிலாந்திலேயே 1929-இல் இவர்களின் சராசரி ஆயுள் 9 வருடம்தான். 1949-இல் 12.

இன்று வசதியான நாடுகளில் அது 60-ஐத் தொட்டுவிட்டது. நிமோனியாவுக்கு மருந்து வந்தது. பச்சைக்குழந்தையின் இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைக்கும் அறுவை சிகிச்சை வந்தது. நம் பக்கத்திலும் அதற்குக் கோவை வரை போனால் போதும். 2012-இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எத்தனையோ ஏழை வீடுகளுக்குக் கைகொடுத்திருக்கிறது. சென்னையில் சுரேகா ராமச்சந்திரன், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த தன் மகளை வளர்த்தபடியே 1980-களில் பெற்றோரைத் திரட்டினார். அன்று கைக்குழந்தைகளாக இருந்த தலைமுறை இப்போது நாற்பதைத் தாண்டி நிற்கிறது. ஆயுள் கிடைத்துவிட்டது. அந்த ஆயுளின் பின்பாதியில் என்ன காத்திருக்கிறது என்பதைத்தான் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீதியில் ஒருவர் இருக்கிறார். அவரைவிடச் சின்னவர்கள்கூட அவரைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவோம். இதயக் கோளாறு இல்லாமல் பிறந்துவிட்டார். இருபது வருடத்துக்கு மேல் ஒரு தேங்காய்ப் பருப்புக் களத்தில் வேலை பார்த்தார். உடைத்த தேங்காயை வெயிலில் காயவைத்து, கொட்டாங்குச்சியிலிருந்து பருப்பைப் பெயர்த்துக் குவித்ததும், பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கித் தனிக்கூடையில் போடுவது அவர் பொறுப்பு. அதில் அவரை ஏமாற்ற முடியாது. ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் எடுப்பார், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார், ‘ஆவாது’ என்று சொல்லிக் கூடையில் வீசுவார். சனிக்கிழமைக் கூலியை அப்படியே அம்மா கையில் கொடுத்துவிட்டு, ஒரு பன்னுக்கு மட்டும் காசு கேட்டு வாங்கிக்கொள்வார்.

நாற்பத்தெட்டு வயதில் அவரிடம் ஏதோ மாறுகிறது என்பதை முதலில் கண்டுகொண்டது, களத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பருப்புத் தோண்டிய ஓர் ஆத்தா. ‘தம்பி இப்பெல்லாம் கெட்டதையும் நல்லதுலயே போடுது கண்ணு. மோந்துகூடப் பாக்கறதில்ல’ என்று தம்பியின் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் வீட்டிலும் கவனித்தார்கள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். காரணமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முன்னறையில் சிமெண்ட் தரை முடிந்து டைல்ஸ் தொடங்கும் இடம் வந்ததும் நின்றுவிடுவார். அங்கே பள்ளம் இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்ப்பார். பிறந்ததிலிருந்து நடந்த வீடு அது.

டாக்டரிடம் காட்டினார்கள். ‘இவங்கெல்லாம் அப்படித்தாம்மா இருப்பாங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்த ஒரு வாக்கியம் எத்தனை வீடுகளில் எத்தனை வருடங்களைத் தின்றிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள முடியாத மர்மம் ஒன்றும் இதில் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உடலில் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது. பிரான்சில் ஜெரோம் லெஜேனும் அவருடன் இருந்தவர்களும் அதை 1959-இல் வெளியிட்டார்கள். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் எதிலிருந்து உடைந்து வருகிறதோ, அந்தத் தாய்ப்புரதத்துக்கான மரபணுவும் இதே 21-ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. மூன்று பிரதி இருப்பதால் பிறந்த நாளிலிருந்தே அது கூடுதலாக உற்பத்தியாகிறது. நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ எல்லோருடைய மூளையிலும் படிவு சேர்ந்துவிடுகிறது. மறதிநோய் வெளியே தெரிவது சராசரியாக ஐம்பதுகளின் நடுவில். ஆயுள் முழுக்கக் கணக்கிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது வருகிறது. ஒன்பது வயதில் இறந்துகொண்டிருந்த காலம் வரை இந்த நோய்க்கு நேரமே கிடைக்கவில்லை.

இதற்கு மறதிநோய் என்று பெயர் இருந்தாலும், இவர்களிடம் முதலில் மறதி தெரியாமல் போகலாம். பிடிவாதம், ஒதுங்கிப்போவது, பிடித்த வேலையில் ஆர்வம் விட்டுப்போவது என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறது. இதுவரை வலிப்பே வராத ஆளுக்கு ஐம்பது வயதில் வலிப்பு வருவதும் உண்டு. மற்ற முதியவர்களிடம் கேட்பதுபோல் இன்றைக்கு என்ன தேதி, நூறில் ஏழு போனால் எவ்வளவு என்றெல்லாம் தம்பியிடம் கேட்டுப் பயனில்லை. இருபது வயதிலேயே அதற்கு அவரிடம் பதில் கிடையாது. அவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும். போன வருடம் சட்டைப் பொத்தான் போட்டாரா, தனியாகப் படி ஏறினாரா, எதை மோந்து பார்த்து ‘ஆவாது’ என்றார் என்பதுதான் பரிசோதனை. அந்த வகையில் தம்பிக்கு முதல் பரிசோதனை செய்தவர் களத்து ஆத்தா. எந்த ஸ்கேனும் அதைச் சொல்லியிருக்காது.

அவசரப்பட்டு மறதிநோய் என்று முடிவு கட்டுவதும் தவறு. தைராய்டு குறைந்தாலும் ஆள் மந்தமாகிவிடுவார். இவர்களிடம் அது மிகச் சாதாரணம். தூக்கத்தில் மூச்சு அடைபடுவது, பி12 குறைவு, கண்புரை, காதில் அடைத்த குறும்பி, எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். தாய் இறந்த துக்கமும் அப்படித்தான். தம்பியின் அம்மா அதே வருடம்தான் காலமானார். அழத் தெரியாதவர்களுக்குத் துக்கம் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். வேறொரு மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து தைராய்டு மாத்திரை கொடுத்ததும் பாதி தெளிந்தது. சாப்பாட்டில் கை வைத்தார், இரவில் தூங்கினார். மீதிப் பாதி தெளியவில்லை. அதுதான் நோய்.

அன்றைக்கு அவரைச் சுற்றி எத்தனை கண்கள் இருந்தன! வீட்டில் அம்மாவும் அப்பாவும், களத்தில் பத்துப் பெண்கள், பேக்கரிக்காரர். இன்று பெற்றோர் இல்லை. களத்துக்கு அவரால் போக முடியாது. அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங். காலையில் கம்பெனி வேன் ஏறினால், ஒன்றரை ஷிப்ட் இருக்கிற நாளில் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகும். அதுவரை தம்பியும் டிவியும்தான். ஆயுள் நீண்டிருக்கிறது, பார்க்கிற கண்கள் குறைந்திருக்கின்றன. எனக்கு இந்த மாற்றம்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே இந்தப் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். முப்பத்தைந்து வயதிலேயே கையிலிருக்கும் போனில் வீடியோ படம் எடுத்து வையுங்கள். பொத்தான் போடுவது, சாப்பிடுவது, படி இறங்குவது, பேசுவது, நன்றாகச் செய்கிற வேலை ஒன்று. ஐந்து நிமிடம் போதும், வருடத்துக்கு ஒருமுறை. நாற்பதிலிருந்து வருடாவருடம் தைராய்டு, கண், காது பார்த்துவிட்டு, அந்தப் படங்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பெற்றோர் போன பிறகு, அந்த ஆள் முன்பு எப்படி இருந்தார் என்று சொல்ல அவைதான் இருக்கும்.

மருந்து இருக்கிறதா என்று அக்கா கேட்டார். நோயை நிறுத்த ஒன்றும் இல்லை. மெமாண்டின் மாத்திரை இவர்களுக்குப் பயன் தரவில்லை என்று 2012-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. 2023-இல் அமெரிக்கா முழு ஒப்புதல் கொடுத்த லெகனெமாப், அமிலாய்டையே அகற்றுகிற மருந்து. அதன் பெரிய ஆய்வில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. 1984-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னர் அல்சைமர் மூளையில் பிரித்தெடுத்த புரதமும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் மூளையில் கிடைத்ததும் ஒன்றே என்று காட்டியதுதான் இந்த ஆராய்ச்சிக்கே வழி திறந்தது. இறந்த பிறகு அவர்களின் மூளை அறிவியலுக்குப் பயன்பட்டது. அதிலிருந்து மருந்து வந்தபோது அவர்களை வரிசையில் நிறுத்தவில்லை. இப்போதுதான் அவர்களுக்கென்று ஆய்வுகள் தொடங்குகின்றன. மூளையில் ரத்தக்கசிவு அபாயம் அவர்களுக்குக் கூடுதல் என்பது உண்மைதான். அந்தக் காரணத்துக்காகவே அவர்களைத் தனியாக ஆராய்ந்திருக்க வேண்டும்.

அக்காவுக்கு மருந்தைவிடப் பெரிய கவலை வேறு. ‘எனக்குப் பொறவு ஆருங்க இவனைப் பாப்பாங்க?’ 1999-ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. இரண்டுக்கும் அக்கா மனு எழுதிவிட்டார். ஆனால் காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை தம்பி எங்கே இருப்பது என்பதற்கு மனு எழுத இடமில்லை. நடு வயதைத் தாண்டிய இவர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள, எங்கள் ஊரில் தாராபுரம் ரோட்டிலோ சென்னிமலை ரோட்டிலோ, பேருந்து நிற்கிற தூரத்தில் ஓர் இடம் வேண்டும். வழுக்காத, ஒரே நிறத் தரையும், உட்கார்ந்து பொறுக்க ஒரு கூடைப் பருப்பும், பெயர் தெரிந்த இரண்டு மனிதர்களும் அங்கே இருந்தால் தொடங்கிவிடலாம். ஊரில் களம் வைத்திருப்பவர்களும் கம்பெனி வைத்திருப்பவர்களும் நினைத்தால் இந்த வருடமே முடியும்.