பரிவும் மருத்துவமும்

2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.’ என்ற இந்தித் திரைப்படமும், 2004-இல் அதனைத் தழுவித் தமிழில் வந்த ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ படமும் நகைச்சுவையினூடே ஒரு வினாவை எழுப்பின: நோயைக் கவனிக்கும் மருத்துவம் நோயாளியைக் கவனிக்கிறதா?

இதற்குக் கேரள அரசு நிர்வாக முறையில் விடை கண்டது. 2008-இல் வகுக்கப்பட்ட நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையின்படி, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில், பயிற்சி பெற்ற செவிலியர் படுத்த படுக்கையான நோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கின்றனர். புண்ணைத் துடைத்துக் கட்டுவதும், வலியைத் தணிக்க உதவுவதும், குடும்பத்தாருக்குப் பராமரிப்பு முறையைக் கற்பிப்பதும் அவர்தம் பணிகள்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில் இப்பணிக்கு மற்றொரு தேவையும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அடுத்துள்ள நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததே தவிர, உறவும் மொழியும் பிரியவில்லை. தமிழில் வலியைச் சொல்லும் முதியவரின் குறையை மலையாளப் படிவம் அறியாது. அருகமர்ந்து கேட்கும் செவிலியரே அறிவார்.

2019 முதல் இளநிலை மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் திறன் ஆகியவை பயிற்சியாக இடம்பெற்றுள்ளன. பரிவு தனிமனிதரின் இயல்பாக மட்டும் நின்றால், நோயாளிக்கு அது கிட்டுவது தற்செயலே. பயிற்சியும் பணியாளரும் நிதி ஒதுக்கீடும் சேர்ந்தால்தான் அது கடைக்கோடி வீட்டையும் எட்டும்.