அச்சு நூலுக்குச் சட்டம் உண்டு. இணையப் பக்கத்துக்கு இல்லை!

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

கரமனை (திருவனந்தபுரம்): கரமனை ஆற்றில் மணல் அள்ளிப் பிழைத்த தொழிலாளர்களின் வாழ்க்கையை "புனலும் மணலும்" என்ற நாவலாக எழுதியவர், திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் கடை நடத்திவந்த ஆ. மாதவன். 1974-ல் அந்நாவல் வெளியானது. மாதவன் 2021-ல் காலமானார். ஆயினும் அவரது நூலை இன்றும் தேடி எடுத்துப் படிக்க முடிகிறது.

இதே கரமனையில் வாசகர் ஒருவர் 2000-ஆம் ஆண்டில் அந்த நாவலைப் பற்றியோ, தமது அபிமான இசையமைப்பாளரைப் பற்றியோ ஓர் இணையப் பக்கம் அமைத்திருந்தால், அது இன்று கிடைக்குமா? கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

தனிநபர்கள் இலவசமாக இணையப் பக்கம் அமைக்க இடமளித்த ஜியோசிட்டீஸ் சேவையை யாஹூ நிறுவனம் 2009 அக்டோபர் 26-ல் மூடியது. நடிகர்கள், பாடகர்கள், சொந்த ஊர், சமையல் எனத் தங்களுக்குப் பிடித்தவை குறித்து ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிய பக்கங்கள் அத்துடன் நின்றுபோயின. தன்னார்வலர்கள் அவசர அவசரமாகப் படியெடுத்து வைத்தவையும், அமெரிக்காவில் 1996-ல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்கைவ் சேமித்தவையுமே எஞ்சின.

தமிழுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப், டேம் எனப் பல எழுத்துரு முறைகள் புழங்கின. ஒரு முறையில் எழுதியதை வேறு எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். எனவே பக்கத்தைச் சேமித்தால் மட்டும் போதாது. அதற்குரிய எழுத்துருவையும் சேமிக்க வேண்டும்.

சட்டம் எட்டாத இடம்

நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மேலும் 3 நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும் என்கிறது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். 1956-ல் நாளிதழ்களும் பருவ இதழ்களும் இதில் சேர்க்கப்பட்டன. இணையம் பிறவாத காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் அது.

2012-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பதிப்புரிமைத் திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகங்கள் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமிக்க அனுமதிக்கிறது. ஆனால் அப்படைப்பின் மின்னணு அல்லாத பிரதி ஒன்று அந்நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இணையத்திலேயே பிறந்த பக்கத்துக்கு அத்தகைய பிரதி ஏது?

மத்திய அரசு அலுவலகங்களின் கணினிப் பதிவுகள் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சாமானியர் எழுதிய பக்கத்துக்கு அந்தக் காப்பும் கிடையாது.

ஆர்வலர்களே காவலர்கள்

இத்தகைய வெற்றிடத்தைத் தனிமனிதர்களின் ஆர்வமே நிரப்பி வந்துள்ளது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸ்களையும் திருமண அழைப்பிதழ்களையும் கூடச் சேர்த்து வைத்தார். அவரது மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவானது. திருவனந்தபுரத்தில் சாயாஹ்னா அறக்கட்டளை, எம். கிருஷ்ணன் நாயரின் "சாகித்ய வாரபலம்" பத்தி உள்ளிட்ட மலையாள எழுத்துகளை மின்வடிவில் காத்து வருகிறது.

இவை அச்சில் வந்தவை என்பதால் மின்வடிவாக்கக் கால அவகாசம் கிடைத்தது. இணையப் பக்கத்துக்கு அந்த அவகாசம் இல்லை. வாடகை கட்டத் தவறினால் ஒரே நாளில் அது மறைந்துவிடும்.

எண்ணிம மரபைக் காக்க வேண்டும் என யுனெஸ்கோ 2003-லேயே சாசனம் வெளியிட்டது. பிரிட்டனில் இணையப் பக்கங்களைச் சேகரிக்கும் உரிமை 2013 முதல் பிரிட்டிஷ் நூலகம் உள்ளிட்ட 6 நூலகங்களுக்குச் சட்டப்படி உண்டு. இங்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இணையத்தைச் சேர்த்து, பதிப்புரிமை நிபந்தனையையும் தளர்த்தினால் தேசிய நூலகம் அப்பணியைத் தொடங்கலாம். தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் சில பக்கங்கள் மீட்க முடியாமல் போகும்.