தொலைக்காட்சியைப் பதிந்து வைக்கும் கணினி

1982 ஆம் ஆண்டு பெப்ருவரியில் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியது. எனினும், யாழ்ப்பாணக் குடாநாட்டார் பலரது அன்ரனாக்கள் தெற்கே கொழும்பை நோக்காது மேற்கே தமிழகத்தை நோக்கியே நின்றன. பனையோடு போட்டியிடும் உயரத்திற் குழாய் நட்டு, பூஸ்டர் பூட்டி, கொடைக்கானலிலிருந்து கடல் கடந்து வந்த தூரதர்ஷன் படத்தை வாங்கிய வீடுகள் பல. காற்று மாறினாற் படமும் மாறும். போர்க்காலத்தில் மின்சாரம் நின்றபின் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் ஜெனறேற்றரும் வாடகைக்கு வந்தன. ஓரிரவில் மூன்று படம் பார்த்துக் கண் சிவந்து விடியக் கண்டவர் இதனைப் படிப்போருள்ளும் இருப்பர்.

அக்காலத்து நாடாக்கள் இன்று எங்கே? 1995 இடப்பெயர்விற் கைவிடப்பட்டவை போக, எஞ்சியவற்றுட் பலவற்றைப் பூஞ்சணம் தின்றது. 1981 இல் நூலகம் எரியக் கண்ட ஊரார்க்கு, ஒரு பிரதி மட்டுமே உள்ள பொருளின் நிலையாமை சொல்லித் தெரியவேண்டியதன்று. ஆதலின், தொலைக்காட்சியைப் பார்ப்பதோடமையாது பதிந்தும் வைக்கும் கணினியொன்றை வீட்டிலேயே அமைக்கும் முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கடையில் விற்கும் பதிகருவி போதாதோ எனின், எமது கருத்திற் போதாது. அவற்றுட் பல, பதிந்ததைத் தம் பூட்டினுள்ளேயே வைப்பன. பெட்டி பழுதாயின் அதன் வன்தட்டிலுள்ளது வேறு பெட்டியில் ஓடாது. லினக்ஸ் கணினியிற் பதிவதோ வெறுங் கோப்பு. அதனை எங்கும் கொண்டு செல்லலாம். வேண்டிய அளவு பிரதி எடுக்கலாம். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய இது விலையின்றிக் கிடைப்பது நன்றே. ஆயினும் பூட்டின்மையே எமக்குப் பெரிதாகப் படுகின்றது.

இனி, படம் வரும் வழியைப் பார்ப்போம். தமிழகத்துத் தரைவழி ஒளிபரப்பு அண்மை ஆண்டுகளிற் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. அதற்கீடாக டிடி ஃப்ரீ டிஷ் என்னும் இந்திய அரச ஒளிபரப்பு, கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட் 15 செய்மதியிலிருந்து சந்தாவின்றி வருகின்றது. 2024 வரை பொதிகை எனப்பட்ட டிடி தமிழும் அதில் உண்டு. யாழ்ப்பாணத்தில் டிஷ் அன்ரனாவைத் தென்கிழக்கே திருப்பி, அடிவானிலிருந்து ஏறத்தாழ 70 பாகை உயரத்தை நோக்கச் செய்தல் வேண்டும். வடக்கேயுள்ள நாட்டின் ஒளிபரப்பைத் தென்கிழக்கு வானில் தேடுதல் முதலில் வியப்பாகத் தோன்றும். செய்மதி நிலநடுக்கோட்டிற்கு மேலே நிற்பதே காரணம்.

டிஷ்ஷிலிருந்து வரும் வயர் கணினியிற் செருகிய செய்மதி ரியூனர் அட்டையிற் சேரும். அட்டை வாங்குமுன் அது லினக்ஸில் இயங்குமா என்று விசாரித்தல் இன்றியமையாதது. மற்றைய உறுப்புக்கள் பழைய கணினியினவாயினும் பாதகமில்லை. ஏனெனில், ஒளிபரப்பு நிலையத்திலேயே படம் எண்களாக்கப்பட்டுச் சுருக்கப்பட்டு வருகின்றது. கணினி அவ்வெண்களை வன்தட்டில் எழுதினாற் போதும். வினாடிக்கு 4 மெகாபிட் வரும் அலைவரிசையொன்று மணித்தியாலத்திற்கு 1.8 ஜிகாபைட் இடம் கொள்ளும். ஒரு டெராபைட் வன்தட்டில் ஏறத்தாழ 550 மணித்தியாலம் அடங்கும். ஒரே அலையில் பல அலைவரிசைகள் சேர்ந்து வருவதால், ஒரு ரியூனரே அவற்றுள் இரண்டு மூன்றை ஒருங்கே பதியவும் வல்லது.

மென்பொருள் இரண்டு வேண்டும். டிவிஹெட்எண்ட் ஒளிபரப்பை வாங்கி, நிகழ்ச்சி நிரலைப் படித்து, குறித்த வேளையிற் பதியும். கோடி என்பது அதனைத் தொலைக்காட்சித் திரையிற் காட்டும். கோடி ரூபாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒருங்கே செய்யும் மித்டிவி 2002 இல் தொடங்கியது, பழையதாயினும் நன்று.

மின்கட்டணத்தை நினைப்பவர்க்கு ஒன்று கூறுவாம். 30 வாற்று இழுக்கும் கணினி இரவுபகல் ஓடினால் மாதத்திற்கு 21.6 அலகு செல்லும். கணினியின் உள்மணிக்கூட்டை லினக்ஸ் ஏவ வல்லதாதலின், வேலையில்லாதபோது அணைந்து, பதிவு நேரத்திற்குச் சற்றுமுன் தானே விழிக்குமாறு அமைக்கலாம். மின்தடைக்கு யூபிஎஸ் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் டிஷ் வயரைக் கழற்றிவிடுக.

எஞ்சிய பழைய நாடாக்களையும் இக்கணினியில் ஏற்றலாம். அச்சேறியவற்றுக்கு நூலகம் திட்டம் 2005 முதல் எண்ணிம நூலகம் அமைத்து வருகின்றது. வீட்டுத் திருமண நாடாவையும் பாடசாலை விழா நாடாவையும் வீட்டாரே காத்தல் வேண்டும். இங்கே வேலை கடினம். படம் எண்களாக வாராமையால், சுருக்காது எழுதின் ஒரு மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் ஆகும். ஆதலால் ஓடும்போதே சுருக்கவல்ல விரைவு கணினிக்கு வேண்டும். பூஞ்சணம் பிடித்த நாடாவைத் துப்புரவாக்காது டெக்கில் இடற்க. அது டெக்கின் தலையிற் படிந்து அடுத்த நாடாவையும் கெடுக்கும். அவசரமும் ஆகாது. மூன்று மணித்தியால நாடா ஏறுவதற்கு மூன்று மணித்தியாலமே செல்லும்.