இருசு ஏன் ஒடிகிறது?

சித்தூரிலிருந்து வரும் பெருஞ்சாலை புத்தலப்பட்டில் பிரிகிறது. ஒரு கிளை பீலேர் வழியாகக் கடப்பைக்கும், மற்றொன்று திருப்பதிக்கும் செல்லும். மாம்பழப் பருவத்தில் அவ்வழியே வந்த நண்பர்கள், தோத்தாபுரிப் பழம் (நம்மூரில் கிளிமூக்கு என்போமே, அதுதான்) ஏற்றிய டிராக்டர்கள் பழக்கூழ் ஆலைகளை நோக்கி ஊர்ந்து செல்வதைக் கண்டிருப்பார்கள். பழக்குவியலின் மேல் இரண்டு மூன்று ஆட்களும் அமர்ந்திருப்பர். அவர்கள் உயிர் கீழேயுள்ள ஓர் இரும்புத் தண்டில் இருக்கிறது. அதற்குத் தமிழில் இருசு என்று பெயர், தெலுங்கிலும் இருசுதான். எல்லைப்புறத்தில் படிக்க வந்த நமக்கு இப்படிச் சில சொற்கள் இலவசமாகக் கிடைக்கின்றன!

சென்ற ஆண்டு அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் பழைய டிரெய்லர் ஒன்றைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றியிருந்தார்கள். இருசின் முனை தேய்ந்து, பேரிங் தளர்ந்து ஆடியது. தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து, லேத்தில் கடைந்து தரும்படி உரிமையாளர் கேட்டார். மேஸ்திரி மறுத்தார்.

“இந்த ஒரு நடை போகட்டும் மேஸ்திரி, பழம் அழுகுது.”

“நடை ஒண்ணுதான். வழியில குழி எத்தனைன்னு யார் எண்ணினாங்க அண்ணா?”

பௌதிகம் பயிலும் எனக்கு அந்தப் பதில் வியப்பளித்தது. ஐரோப்பிய நிபுணர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கண்ட உண்மை அதில் அடங்கியிருந்தது.

அளவுக்கு மீறி ஏற்றினால் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சும் முறியும் என்றார் வள்ளுவர். ஆனால் அளவுக்கு உட்பட்ட பாரத்திலும் அச்சு முறியலாம். 1842 மே 8 அன்று, பாரிஸ் நகருக்கு வெர்சேல்ஸிலிருந்து திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு ஒடிந்தது. வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பற்றி 50 பேருக்கு மேல் மாண்டனர். நெடுநாள் ஓடிய அச்சு எவ்வாறு திடீரென்று ஒடியும் என்ற கேள்வி எழுந்தது. ஜெர்மானியரான ஆகஸ்ட் வோலர் பின்னர் ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். ஒரே முறை ஏற்றினால் எளிதில் தாங்கக்கூடிய பளுவும், லட்சக்கணக்கான முறை வந்து போனால் எஃகை ஒடித்துவிடுகிறது! இதை உலோக அயர்வு என்பர். ஒரு வரம்புக்குக் கீழே பளு இருந்தால் எஃகு அநேகமாக முடிவின்றித் தாங்கும். வரம்பைத் தாண்டினாலோ அதன் ஆயுளுக்குக் கணக்குத் தொடங்கிவிடும்.

ரயில் அச்சு சக்கரத்தோடு சுழல்வது. டிரெய்லர் இருசு சுழலாது. சக்கரம்தான் அதன்மேல் சுழலும். ஆயினும் ஒவ்வொரு குழியிலும் அது வளைந்து நிமிர்கிறது. வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. 50 மில்லிமீட்டர் முனை 48 ஆகத் தேய்ந்தால், அதே பாரத்தில் அங்குள்ள தகைவு 13 சதவீதம் கூடிவிடும். இதனாலேயே இருசு வரம்பைத் தாண்டிவிடக்கூடும். முனை தடிக்கும் மூலையில், அடிப்பக்கத்தில், மயிரிழை போன்ற விரிசல் பிறக்கிறது.

மேஸ்திரி ஒடிந்த இருசு ஒன்றை எடுத்துக் காட்டினார். முறிவின் ஒரு பாதி வழவழப்பாக, சிப்பியின் ஓடு போல வரிவரியாக இருந்தது. மறுபாதி கற்கண்டை உடைத்தாற்போல் சொரசொரத்தது. முதற்பாதி மெல்ல மெல்லப் பிளந்தது. எஞ்சியது ஒரே நொடியில் முறிந்தது.

வெல்டிங் இதற்கு மருந்தன்று. விரிசல் இருந்தால் அது மேற்பூச்சின் அடியில் மறைந்துவிடுகிறது. மேலும் காய்ச்சிய இடத்தை ஒட்டிய எஃகு விரைந்து குளிர்ந்து கடினமாகி, நொறுங்கும் தன்மை பெறுகிறது. அதுவும் எங்கே? பளு மிகுந்த அதே மூலையில்!

ஆகவே புது இருசு வந்தது. பழையது அந்தக் கால அளவு; அதற்கேற்ற பேரிங் இப்போது கிடைப்பது அரிது என்பதால் ஹப்போடு சேர்த்தே மாற்றினார்கள். சரக்கின் எடை மட்டும் போதாது, டிரெய்லரின் சொந்த எடையையும் கூட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். சக்கரங்களின் இடைவெளியும், ஸ்பிரிங் அமரும் இடமும், ஹப் போல்ட்டுகளின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். மேஸ்திரி கொக்கி வளையத்திலிருந்து இருசின் இரு முனைகளுக்கும் கயிறு பிடித்து அளந்தார். நீளம் வேறுபட்டால் வண்டி கோணலாக இழுபட்டு டயரைத் தின்றுவிடும்.

பேரிங்கில்தான் அவர் அதிக நேரம் செலவிட்டார். கூம்பு உருளைகள் கொண்ட இவ்வகை பேரிங்குக்கு 1898இல் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன் குதிரைவண்டி செய்தவர் என்பது நம் வண்டிக்காரர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, புதுப் பின் செருகினார். சில கிலோமீட்டர் ஓடியபின் ஹப்பைத் தொட்டுப் பார்க்கவும், கை பொறுக்காத சூடு இருந்தால் நிறுத்தவும், யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கவும் சொல்லியனுப்பினார்.

பழைய இருசை யாரோ விலைக்குக் கேட்டார்கள். மேஸ்திரி கொடுக்கவில்லை. நடுவில் இரண்டாக அறுத்து, எடைக்குப் போட்டார்.